பலகையைக் கழற்றியது யார்?

கேள்வி: எங்கள் அடுக்ககத்தில் 64 வீடுகள். பெயின்ட் அடிக்கும்போது லிப்ட் அருகே இருந்த அறிவிப்புப் பலகையைக் கழற்றியவர்கள் திரும்ப மாட்டவே இல்லை. "எல்லாம்தான் வாட்ஸ்அப் குரூப்பில் வருகிறதே" என்கிறார் செயலாளர். குரூப்பிலோ தினமும் நூறு செய்தி, பாதி நாள் சண்டை. வெளியேறிவிடலாமா?
- ஒரு வாசகி, மேடவாக்கம்

பதில்: வெளியேறாதீர்கள். சத்தத்தை அணைத்துவிட்டு உள்ளேயே இருங்கள். இருந்துகொண்டு, பலகையைத் திரும்பக் கேளுங்கள்.

குரூப்பில் போட்டாலே எல்லோருக்கும் சொன்னதாகிவிடாது. போன கோடையில் எங்கள் குடியிருப்பில் சம்ப் கழுவும் அறிவிப்பு காலை ஆறரைக்கு வந்தது. அதன்மேல் இருபது காலை வணக்கம், ஒரு ரோஜாப்பூ, யாருடைய பேரனுக்கோ பிறந்தநாள் வாழ்த்து. மூன்றாவது மாடியில் தனியாக இருக்கும் அம்மாவிடம் பட்டன் போன்தான் உண்டு. ஒன்பது மணிக்கு, கையில் ஒட்டிய இட்லி மாவோடு கதவைத் திறந்து நின்றார். "தண்ணி ஏன் வரலை? என்கிட்ட யாரும் சொல்லலையே!" ஒன்றாம் தேதியே பராமரிப்புப் பணம் கட்டிவிடுகிறவர் அவர். எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

குரூப்பைச் சரிசெய்வது பெரிய வேலை இல்லை. அட்மின் மட்டுமே செய்தி போடும்படி வைக்கும் வசதி 2018லேயே வந்துவிட்டது. தண்ணீர், மின்தடை, லிப்ட், வரவு செலவுக்கு அப்படி ஒரு குரூப், அரட்டைக்கு வேறொன்று. செயலாளருக்கு ஐந்து நிமிடம் போதும். பாக்கி வைத்திருப்பவர்களின் வீட்டு எண்ணை எல்லோர் முன்னும் போடுகிற வழக்கம் இருந்தால் அதையும் நிறுத்தச் சொல்லுங்கள். அது நேரில் போய்க் கேட்க வேண்டிய விஷயம்.

ஆனால் எத்தனை குரூப் வைத்தாலும் கரன்ட்டும் டவரும் இருக்கும்வரைதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பள்ளிக்கரணைப் பக்கம் என்ன ஆயிற்று என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எங்களுக்கும் அன்று போன் வெறும் டார்ச் லைட்தான். காலிங் பெல்லும் அடிக்காது. எங்கள் வாட்ச்மேன்தான் நனைந்த சட்டையோடு மாடி மாடியாக ஏறி, கையால் கதவைத் தட்டி, "தண்ணி ஏறுது, வண்டியை எடுங்க" என்றார். எந்த வீட்டில் காது கேட்காதவர் இருக்கிறார், எந்த வீட்டில் நடக்க முடியாதவர் இருக்கிறார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இத்தனை வருடமாக அடுத்த கதவுக்குள் இருக்கும் எனக்குத் தெரியவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அதனால் பலகை வேண்டும். தேதி, நேரம், செயலாளர் கையெழுத்தோடு, தூரத்திலிருந்து படிக்கிற அளவு பெரிய எழுத்தில் தமிழிலும் எழுத வேண்டும். வேலைக்கு வரும் அக்காவும் வாட்ச்மேனும் படிக்க வேண்டாமா? அதன் ஓரத்தில் மாநகராட்சியின் 1913, மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987, பிளம்பர், லிப்ட் மெக்கானிக் எண்கள் நிரந்தரமாக இருக்கட்டும். அப்புறம், போன் இல்லாத வீடுகள் எவை என்று ஒரு தாளில் எழுதி வாட்ச்மேன் மேஜையில் வையுங்கள். தண்ணீர் நிறுத்தும் நாளுக்கு முந்தைய மாலையே அந்த வீடுகளுக்கு ஒருவர் போய்ச் சொல்லிவிட்டு வரட்டும்.

கழற்றிய பலகை அநேகமாக மோட்டார் ரூமில்தான் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை செயலாளரையும் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள்.