நான்கு சுங்குடியும் ஒரு கட்டரும் – கடிதம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

அம்மா கட்டிய நான்கு மதுரைச் சுங்குடிகளைச் சதுரம் சதுரமாக வெட்டி, 60க்கு 80 இஞ்சில் ஒட்டுப்போர்வையாகத் தைக்க ஆசை. வீட்டில் தையல் மிஷினும் நல்ல கத்தரியும் இருக்கின்றன. குண்டூசி டப்பா மட்டும் போன மழைக்காலத்தில் துருப்பிடித்துவிட்டது. ஆன்லைனில் 96 சாமான் உள்ள ‘க்வில்டிங் செட்’ ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். பக்கத்து வீட்டு மராட்டி ஆஜியோ (பாட்டி), “கோதடிக்கு ஊசியும் நூலும் போதும், காசைக் கரியாக்காதே” என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

ஒரு வாசகி, செம்பூர், மும்பை

அன்புள்ள வாசகிக்கு,

ஆஜி சொல்வது கோதடிக்குச் சரி. பழைய புடவைகளை அடுக்காக விரித்து மொத்தமாக ஓட்டுத்தையல் போடும்போது, மேலே வைக்கிற துண்டு கொஞ்சம் கோணினாலும் போர்வைக்கு ஒன்றும் ஆகாது. நீங்கள் செய்யப்போவது வேறு வேலை. தைத்த பிறகு 5 இஞ்ச் வரும் சதுரம் என்றால் அகலத்துக்கு 12, நீளத்துக்கு 16, மொத்தம் 192 துண்டு. வரிசைக்கு 11 தையல். கால் இஞ்ச் பிடிக்கவேண்டிய இடத்தில் துண்டுக்கு 1/16 இஞ்ச், பழைய கணக்கில் ஒரு வீசம், கூடப் பிடித்தால் தையலுக்கு அரைக்கால் (1/8) இஞ்ச் போய்விடும். வரிசை முடிவில் 1⅜ இஞ்ச் காணாமல் போயிருக்கும். அடுத்த வரிசையைச் சரியாகத் தைத்திருந்தால் இரண்டும் மூலை சேராது. அதனால் காசு போகவேண்டியது அளவைக் காப்பாற்றும் பொருள்களுக்கு: கட்டர் (துணிமேல் உருட்டி வெட்டும் வட்டப் பிளேடு), மேட் (வெட்டும்போது துணிக்கு அடியில் போடும் விரிப்பு), ஸ்கேல், பின். அந்த 96இல் பெரும்பகுதி கிளிப்பும் பாபினுமாகத்தான் இருக்கும். செட்டை விடுங்கள்.

ரோட்டரி கட்டரில் 45 மி.மீ. பிளேடு வாங்குங்கள். 28 வளைவு வெட்ட, 60 நிறைய அடுக்கு வெட்ட. ஜப்பானில் ஓல்ஃபா கம்பெனி இதை 1979இல் கொண்டுவந்த பிறகுதான் கோடு போட்டுக் கத்தரியால் ஒவ்வொன்றாக வெட்டும் பாடு குறைந்தது. பிளேடு எப்போது போனது என்று துணியே சொல்லிவிடும். 45 மி.மீ. சக்கரம் ஒரு சுற்றுக்கு 14 செ.மீ. உருளும். வெட்டிய கோட்டில் சுமார் 14 செ.மீ.க்கு ஒருமுறை இரண்டு மூன்று இழை அறுபடாமல் நின்றால் பிளேடில் ஒரு இடம் உடைந்திருக்கிறது. பெரும்பாலும் குண்டூசி மேல் ஏற்றியிருப்பீர்கள். கோடு முழுக்கப் பிசிறு என்றால் மழுங்கிவிட்டது. துணியை மாற்றியும் மேட்டில் ஒரே இடத்தில் அறுபடவில்லை என்றால் குற்றம் மேட்டில் விழுந்த பள்ளத்துடையது, பிளேடை மாற்றிப் பயனில்லை. பின்பக்கத் திருகை இறுக்கினால் சக்கரம் உருளாமல் துணியை இழுக்கும், தளர்த்தினால் ஆடும். ஒவ்வொரு வெட்டு முடிந்ததும் மூடியைத் தள்ளிவிடுங்கள். திறந்த கட்டர் மேஜையிலிருந்து நேராகக் காலில்தான் விழும். தீர்ந்த பிளேடைக் குப்பைப் பையில் அப்படியே போடவேண்டாம். தகர டப்பாவில் போட்டு டேப் ஒட்டிவிடுங்கள், அள்ளுகிறவர் கை முக்கியம்.

மேட் ஏ3 போதாது. 45 இஞ்ச் துணியை இரண்டாக மடித்தாலே இருபத்திரண்டரை இஞ்ச் வரும், ஏ2 மேட் அதைத் தாங்கும். கட்டிலுக்கு அடியில் படுக்கப் போட்டு வையுங்கள்; சுவரில் சாய்த்தாலும், வெயில் விழும் ஜன்னலோரம் வைத்தாலும், சூடான டீ டம்ளர் வைத்தாலும் நெளியும், திரும்ப நிமிராது. ஸ்கேல் 6க்கு 24 இஞ்ச், 3 மி.மீ. தடிமனுள்ள அக்ரிலிக். எழுதுபொருள் கடையில் கிடைக்கும் மெல்லிய பிளாஸ்டிக் ஸ்கேல் என்றால் கட்டர் விளிம்பேறி விரலுக்கு வரும். ஸ்டீல் ஸ்கேலுக்குக் கீழே துணி தெரியாது. அளவை எப்போதும் ஸ்கேலின் கோட்டில் பாருங்கள், மேட்டின் கோட்டை நம்பாதீர்கள். பாதியில் ஸ்கேலை மாற்றவும் வேண்டாம்.

கத்தரிதான் இருக்கிறதே. காகிதத்தில் மட்டும் வைக்காதீர்கள். புதிதாக வாங்குவதானால் புவிசார் குறியீடு பெற்ற மீரட் கத்தரி நல்லது. மழுங்கினால் சாணை பிடித்துக்கொள்ளலாம்.

இனி பின். ஆபீஸ் குண்டூசி சுங்குடிக்குத் தடிமன். சொருகிய இடத்தில் துணி மேடாக எழும்பி, தையல் அங்கே நகர்ந்துவிடும். 0.5 மி.மீ.க்கு மேல் தடிக்காத கண்ணாடித் தலைப் பின் கேளுங்கள். பிளாஸ்டிக் தலை அயர்ன் பாக்ஸ் சூட்டில் உருகித் துணியில் ஒட்டும். இரண்டும் பார்க்க ஒரேமாதிரிதான், பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்து வாங்குங்கள். தையல் கோட்டுக்குக் குறுக்கே சொருகி, மிஷின் ஊசி வருமுன் எடுத்துவிடுங்கள். துருப்பிடித்த டப்பாவைத் தூக்கிப் போடுங்கள், துருக்கறை எளிதில் போகாது. மும்பை மழைக்கு இறுக்கமான டப்பா, உள்ளே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம். பின் குத்திய துணியை வாரக்கணக்கில் விட்டுவைக்காதீர்கள்.

மேல்துணி, நடு அடுக்கு, அடித்துணி என்ற மூன்று அடுக்கையும் சேர்த்துப் பிடிக்க வளைந்த சேஃப்டி பின்னை 4 இஞ்சுக்கு ஒன்று குத்தச் சொல்வார்கள். உங்கள் போர்வைக்கு 15க்கு 20, முந்நூறு பின்! அந்தச் செலவு வேண்டாம். நீளமாக இழையோட்டி, தைத்து முடித்தபின் உருவிவிடுங்கள். இதற்கு ஆஜியின் கை பத்துப் பின்னுக்குச் சமம், கேட்டுப் பாருங்கள். அடித்துணியும் நடு அடுக்கும் நான்கு பக்கமும் 4 இஞ்ச் கூடுதலாக, 68க்கு 88 இருக்கட்டும். மும்பைக்கு நடுவில் ஒரு பழைய பருத்திப் போர்வையே போதும், வாடிங் (நடுவில் வைக்கும் பஞ்சு விரிப்பு) தேவையில்லை. மிஷின் ஊசி, இணைக்க 11ஆம் நம்பர், மூன்றடுக்கைத் தைக்க 14.

கடைசியாகத் துணி. புடவையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், நைந்த இடம் தெரியும். அதை விட்டு வெட்டுங்கள். பழைய பருத்தி தொய்வாக இருக்கும், ஸ்கேலுக்கடியில் இழுபடும். வெட்டுமுன் இலேசாக ஜவ்வரிசிக் கஞ்சி போட்டு, நீவி அயர்ன் செய்யுங்கள். போர்வை முடிந்ததும் கஞ்சி போகத் துவைத்துவிடவேண்டும், இல்லாவிட்டால் மழையில் பூஞ்சை பூக்கும். சதுரத்தை ஐந்தரை இஞ்சாக வெட்டுங்கள். முதலில் புடவையின் அகலத்துக்கு ஐந்தரை இஞ்ச் பட்டையாக வெட்டினால், கரையை விட்டு ஒரு பட்டையில் 7 சதுரம் கிடைக்கும். மொத்தம் 28 பட்டை, புடவைக்கு 7. ஒரு புடவையில் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாகவே செலவாகும், மிச்சம் அப்படியே இருக்கும்.

ஹார்பர் லைனில் மஸ்ஜித் இறங்கி, கிராஃபோர்ட் மார்க்கெட் பக்கம் நடந்தால் மங்கள்தாஸ் மார்க்கெட். அடித்துணிக்கான பருத்தியை அங்கே தொட்டுப் பார்த்து வாங்கலாம். வாங்கியதும் துவைத்துச் சுருங்க விடுங்கள், சுங்குடி ஏற்கெனவே சுருங்கி முடித்தது.

புடவையைத் தொடுமுன் வேறு வேஸ்ட் துணியில் ஒன்றரை இஞ்ச் அகலத்தில் மூன்று பட்டை வெட்டி, கால் இஞ்ச் பிடித்துப் பக்கம் பக்கமாகத் தைத்து அயர்ன் செய்து அளந்து பாருங்கள். நடுப்பட்டை சரியாக 1 இஞ்ச் வரவேண்டும். குறைந்தால் கூடப் பிடிக்கிறீர்கள், மிஷின் தட்டில் ஒட்டிய டேப்பை ஊசிப்பக்கம் ஒரு நூலிழை அளவு நகர்த்தி இன்னொரு முறை தைத்துப் பாருங்கள்.