டூரெட் என்ற நரம்பியல் கோளாறு உள்ளவர்கள் திடீர் திடீரென்று சத்தம் எழுப்புவது வேண்டுமென்றா? கொஞ்ச நேரம் அடக்க முடிகிறதே?

வேண்டுமென்று இல்லை. தும்மலை நினைத்துப் பாருங்கள். மூக்கில் குறுகுறுக்கும், கொஞ்சம் அடக்கலாம், அப்புறம் வந்தே தீரும். இப்படித் திடீரென்று வரும் சத்தத்தையோ அசைவையோ ‘டிக்’ என்பார்கள். சத்த டிக் வருவதற்கு முன் பலருக்குத் தொண்டையில் அப்படி ஓர் உந்துதல் சேர்கிறது. சத்தம் வெளியே வந்தால்தான் அது தணியும். பள்ளியில் நாளெல்லாம் அடக்கி வைத்த குழந்தைக்கு வீட்டுக்கு வந்ததும் டிக் அடுக்கடுக்காக வருவது இதனால்தான். அதை நடிப்பு என்று சொல்வது பெரிய அநியாயம். அடக்குவதிலேயே கவனம் முழுக்கப் போனால் பாடம் எப்படி மண்டையில் ஏறும்?

அசைவுகளைக் கட்டுப்படுத்தும் மூளைப் பாதைகள் இயங்கும் விதத்தில் உள்ள வேறுபாடுதான் இதற்குக் காரணம். வளர்ப்புக் குறை அல்ல. பெரும்பாலும் செருமல், மூக்குறிஞ்சல், முனகல் மாதிரி சின்னச் சத்தங்கள்தான். கெட்ட வார்த்தை வருவது சுமார் 10 முதல் 15 சதவீதம் பேருக்குத்தான்.

திட்டினால் பதற்றம் ஏறும், டிக்கும் கூடும். சத்தம் வந்தால் கவனிக்காததுபோல் பேச்சைத் தொடருங்கள். உந்துதல் எழும்போது மூக்கு வழியாக மெதுவாக மூச்சு விடுவது போன்ற மாற்றுச் செயலைப் பழக்கும் நடத்தைப் பயிற்சி பலருக்கு உதவுகிறது. தேவைப்பட்டால் மருந்தும் உண்டு. பதின்ம வயதின் முடிவில் பலருக்கு டிக் தானாகவே குறைகிறது.