வேலையில்லாமல் இருக்கவும் வசதி வேண்டும்

(வறுமை, வருமானம், வேலை பற்றிய வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற பொருளாதார ஆசிரியரின் பதில்கள்)

2023இல் ஸ்பெயினில் வேலையின்மை சுமார் 12 சதவிகிதம். கம்போடியாவில் 1 சதவிகிதம்கூட இல்லை. அப்படியென்றால் கம்போடியாக்காரர்கள்தான் நன்றாக வாழ்கிறார்களா? – கல்லூரி மாணவி, மதுரை

இல்லையம்மா. வேலை தேடிக்கொண்டு சும்மா இருப்பதற்கும் வசதி வேண்டும். ஜெர்மனியில் வேலை போனால், கைக்கு வந்த சம்பளத்தில் 60 சதவிகிதம் உதவித்தொகையாகக் கிடைக்கும். பிள்ளை இருந்தால் 67. ஸ்பெயினிலும் இப்படி ஓர் ஏற்பாடு உண்டு. அதை வைத்துக்கொண்டு படிப்புக்கேற்ற வேலையைத் தேடலாம். கம்போடியாவில் தையல் ஆலை மூடினால், அங்கே தைத்தவள் மறுவாரமே தெருவோரம் பழக்கூடையோடு உட்கார்ந்தாக வேண்டும். கணக்கெடுக்கும் வாரத்தில் கூலிக்கோ லாபத்துக்கோ ஒரு மணி நேரம் உழைத்திருந்தால் அவர் வேலையில் இருப்பவர் என்பது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் வரையறை. ஆகவே அவள் வேலையற்றவள் அல்ல. அவள் வருமானம் பாதியாகியிருந்தாலும் அந்தச் சதவிகிதத்தில் தெரியாது.

தென்னாப்பிரிக்காவிலும் ஏழைகள் நிறையத்தான். ஆனால் வேலையின்மை 30 சதவிகிதத்துக்கு மேல். உங்கள் வாதம் இடிக்கிறதே? – வங்கி ஊழியர், கோவை

இடிப்பது போலத்தான் தெரியும். வேலை போனால் வயலுக்குத் திரும்பலாம், பெட்டிக்கடை போடலாம் என்கிறோமே, அந்த இரண்டு வழியையும் அங்கே சட்டம் போட்டே அடைத்தார்கள். 1913ஆம் ஆண்டின் நிலச் சட்டம் கறுப்பின மக்களுக்கு ஒதுக்கியது நாட்டு நிலத்தில் சுமார் 7 சதவிகிதம். 1936இல் அது 13 ஆனது, அவ்வளவுதான். நிறவெறி ஆட்சி அவர்களை நகரத்துக்கு வெளியே தள்ளிக் குடியமர்த்தி, நகர மையத்தில் கடை வைக்கவும் தடை போட்டது. 1994இல் ஆட்சி மாறியது. வீடுகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. வேலை கேட்டு ஜோகன்னஸ்பர்க் போய்வர வேன் கட்டணமே பலருக்குக் கட்டுப்படியாகவில்லை. அலுத்துப்போய்த் தேடுவதையே நிறுத்தியவர்கள் அந்த 30 சதவிகிதத்தில் சேரவே மாட்டார்கள்.

பிறகு எப்படிச் சாப்பிடுகிறார்கள்? பல வீடுகளில் பாட்டியின் முதியோர் உதவித்தொகையும், குழந்தைகளுக்கு அரசு தரும் மாதத் தொகையும்தான் மொத்த வரவு. உடல் வலுவுள்ள வேலையற்றவருக்கென்று மாதம் 350 ராண்ட் கொடுக்கத் தொடங்கியதே 2020இல், கொரோனா வந்த பிறகுதான். ஆக, அங்கேயும் வேலையற்றவரை யாரோ ஒருவர் தாங்குகிறார்: ஸ்பெயினில் அரசு, ஜோகன்னஸ்பர்க்கை ஒட்டிய கறுப்பினக் குடியிருப்பான சொவேட்டோவில் பாட்டி.

நாளொன்றுக்கு 3 டாலருக்குக் கீழே என்றால் ஏழை என்கிறது உலக வங்கி. 250 ரூபாய்க்கு மேல் வருகிறதே? – மளிகைக் கடைக்காரர், சேலம்

இது நாணய மாற்றுக் கடையின் டாலர் அல்ல. அமெரிக்காவில் 3 டாலருக்குக் கிடைக்கும் பொருளை இங்கே வாங்க எவ்வளவு ஆகும் என்ற கணக்கு. 2021ஆம் ஆண்டு விலையில் அறுபது ரூபாய்ச் சொச்சம்தான். அதுவும் தலைக்கு இவ்வளவு என்பதை மறக்கக்கூடாது. ஒருவர் சம்பாதித்து ஐந்து பேர் சாப்பிடும் வீட்டுக்கு 300 ரூபாய்க்கு மேல் வேண்டும். 2011இல் நகரவாசிக்கு நாளுக்கு 32 ரூபாய் போதும் என்று திட்டக்குழு உச்ச நீதிமன்றத்தில் சொல்லி வாங்கிக்கட்டிக்கொண்டது நினைவிருக்கும்.

அமெரிக்காவிலும் ஏழைகள் உண்டா? – பள்ளி மாணவர், நாகர்கோவில்

உண்டு, 2023இல் சுமார் 11 சதவிகிதம். ஆனால் அது அவர்களுடைய வறுமைக்கோட்டின்படி. சிக்கனமான சாப்பாட்டுச் செலவை மூன்றால் பெருக்கி 1960களில் அந்நாட்டு அரசுப் பொருளாதார நிபுணர் மோலி ஓர்ஷான்ஸ்கி வகுத்த கோடு அது. நம் கோட்டோடு ஒப்பிடாதே.

வருமான ஏற்றத்தாழ்வு மிகக் குறைந்த நாடுகளில் இந்தியா நான்காவது என்று 2025இல் செய்தி வந்தது. நம்பலாமா? – வாசகர், திருச்சி

எண் சரி, ஒப்பீடு தவறு. ஏற்றத்தாழ்வை அளக்கும் ஜினி குறியீடு (0 என்றால் எல்லாரும் சமம், 100 என்றால் எல்லாம் ஒருவரிடமே) இந்தியாவுக்கு 25.5 என்று வந்தது குடும்பங்களின் செலவுக் கணக்கிலிருந்து. பல நாடுகளுக்கு அதே குறியீட்டை வருமானத்தை வைத்துப் போடுகிறார்கள். ஏழை வாங்குவதையெல்லாம் செலவழித்துவிடுகிறான். பணக்காரன் மிச்சத்தை நிலமாகவும் பங்காகவும் மாற்றுகிறான். செலவை மட்டும் அளந்தால் இருவரும் நெருங்கித்தான் தெரிவார்கள். பெரிய பங்களாக்களின் காவலாளி கணக்கெடுப்பாளரை உள்ளே விடுவதில்லை என்பது வேறு விஷயம்.

எங்கள் வீட்டில் இரண்டு மாடுகள். நான் கறந்து சங்கத்துக்கு ஊற்றுகிறேன். கணக்கெடுக்க வந்தவரிடம் கணவர், "வீட்டில் சும்மாதான் இருக்கிறாள்" என்றார். இது சரியா? – ஒரு வாசகி, ஈரோடு மாவட்டம்

ஒரே வாக்கியத்தில் உங்களை நாட்டின் உழைப்பாளர் கணக்கிலிருந்து நீக்கிவிட்டார்! விற்பதற்காகக் கறக்கும் நீங்கள் சுயதொழில் செய்பவர். மத்திய அரசின் தொழிலாளர் ஆய்வில் பெண்களின் பங்கேற்பு 2017-18இல் 23.3 சதவிகிதம், 2023-24இல் 41.7. இந்த ஏற்றத்தில் பெரும்பகுதி கிராமத்துச் சுயதொழில். சொந்த வயலிலும் கடையிலும் கூலி வாங்காமல் உதவுபவர்களும் அதில் அடக்கம். அதனால் இந்த ஏற்றத்தைக் கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. உங்கள் விஷயம் வேறு, கைக்குக் காசு வருகிறது. அடுத்த முறை யாராவது வந்தால் நீங்களே திண்ணைக்கு வந்து, பால் கணக்கு நோட்டைக் காட்டிப் பேசுங்கள்.