டிரக் கோர்ட்டில் பரிசும் தண்டனையும்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

அமெரிக்காவில் ஒரு டிரக் கோர்ட் (போதை வழக்கு நீதிமன்றம்) குழுவில் ஒன்பது வருஷமாக ஆலோசகராக வேலை பார்க்கிறேன். போன வாரம் கேள்வி கேட்கச் சொல்லியிருந்தேன். வந்தவற்றில் சில இங்கே.

கேள்வி: அக்கா, டிரக் கோர்ட் என்றால் என்ன?

போதைப் பழக்கத்தால் வழக்கில் சிக்கியவரைச் சிறைக்கு அனுப்பாமல், ஓராண்டு, ஒன்றரை ஆண்டு கோர்ட் கண்காணிப்பிலேயே சிகிச்சை கொடுப்பது. 1989இல் மயாமியில் தொடங்கியது. அடிக்கடி சிறுநீர்ப் பரிசோதனை உண்டு. ஆரம்பத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதே நீதிபதி முன்னால் நிற்க வேண்டும். முடித்துவிட்டால் பல இடங்களில் வழக்கே தள்ளுபடி.

கேள்வி: தப்பு செய்தவனுக்குப் பரிசா? கேட்கவே ஒரு மாதிரி இருக்கிறதே.

எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. எங்கள் கோர்ட்டில் ஒரு கண்ணாடிக் கிண்ணம் நிறையச் சீட்டு வைத்திருப்போம். நான்சி பெட்ரி என்ற ஆய்வாளர் சிகிச்சை மையங்களுக்காக உருவாக்கிய முறை. சொன்னதைச் செய்தவர் ஒரு சீட்டு எடுக்கலாம். பாதிச் சீட்டில் ‘சபாஷ்’ மட்டும்தான் இருக்கும். ஒரு லாரி ஓட்டுநருக்கு அந்தச் சீட்டுதான் வந்தது. ஐந்து மாதம் கழித்து அவர் லைசென்ஸ் எடுக்கப் பர்ஸைத் திறந்தபோது அதே சீட்டு, நாலாக மடித்தபடி உள்ளே இருந்தது.

கேள்வி: டெஸ்டில் பாசிட்டிவ் வந்தால் உடனே ஜெயில்தானே?

இங்கேதான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள், சில நீதிபதிகளும்தான். முற்றிய அடிமைத்தனம் உள்ளவரால் முதல் மாதமே நிறுத்திவிட முடியாது. ஆனால் நேரத்துக்கு வர முடியும், உண்மை சொல்ல முடியும். இன்றைக்கே முடிகிறதைச் செய்யாவிட்டால் தண்டனை. இன்னும் கைகூடாததற்குச் சிகிச்சையைக் கூட்டுவோம்.

ஒரே நாளில் இரண்டு பெண்கள் வந்தார்கள். ஒருவர் கூண்டுக்கு வந்ததுமே, “நேற்று ராத்திரி எடுத்தேன்” என்றார். நீதிபதி உண்மையைச் சொன்னதற்கு நன்றி சொல்லிவிட்டு, வாரத்துக்கு இன்னும் இரண்டு கவுன்சலிங் சேர்த்தார். மற்றவர் கொடுத்த சிறுநீரில் தண்ணீர் கலந்திருந்தது. அவருக்கு இரண்டு நாள் சமூக சேவை. “அவளும்தானே எடுத்தாள்!” என்று கத்தினார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் விளக்கினேன். அடுத்த முறை சறுக்கியபோது பரிசோதனைக்கு முன்பே எனக்குப் போன் செய்தார்.

பல மாதம் நிதானமாக இருந்து உடல்நிலையும் தேறியவர் மறுபடி எடுத்தால் கணக்கு வேறு. அப்போது அது அவரால் தவிர்க்க முடிந்த ஒன்று.

கேள்வி: பெரிய தண்டனை கொடுத்தால் பயம் வருமே?

முதல் தடவையே பெரிதாகக் கொடுத்துவிட்டால், அப்புறம் கொடுக்க என்ன மிச்சம்? ரொம்பச் சின்னதாகவே கொடுத்துக்கொண்டிருந்தாலும் பழகிப்போகும். அளவைவிட, நிச்சயமாக வருமா, சீக்கிரம் வருமா என்பதுதான் வேலை செய்கிறது. ஹவாயில் நீதிபதி ஸ்டீவன் ஆல்ம் 2004இல் தொடங்கிய ‘ஹோப்’ திட்டம், சிறைக்கு வெளியே கண்காணிப்பில் இருப்பவர் நிபந்தனையை மீறினால் உடனே சில நாள் ஜெயில் என்ற இதே எண்ணத்தில் வந்தது. அங்கே நல்ல பலன். அதையே வேறு நாலு மாநிலங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் வரவில்லை. வேகமான தண்டனை மட்டும் போதாது, பக்கத்தில் நல்ல சிகிச்சையும் வேண்டும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

கேள்வி: மெத்தடோன் எடுப்பவரைச் சேர்ப்பார்களா?

மெத்தடோன் என்பது ஹெராயின் போன்ற போதைப் பழக்கத்துக்குச் சிகிச்சையாகக் கொடுக்கும் மருந்து. அதை எடுப்பவரையும் சேர்க்க வேண்டும். அதை நிறுத்தச் சொல்லி வற்புறுத்திய கோர்ட்டுகள் இருந்தன. அது உயிருக்கே ஆபத்து. டாக்டர் கொடுக்கும் மருந்தில் கோர்ட் கைவைக்கக் கூடாது.

கேள்வி: நான் மதுரையில் ஜூனியர் வக்கீல். நம் சட்டத்தில் இதற்கு இடம் உண்டா?

கொஞ்சம் உண்டு தம்பி. போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 39ஆம் பிரிவைப் பாருங்கள். சிறிய அளவு வழக்கில் தண்டிக்கப்பட்ட அடிமையை, அவர் சம்மதித்தால், பிணைப்பத்திரம் வாங்கிக்கொண்டு சிகிச்சைக்கு விடலாம். சிகிச்சை எப்படிப் போனது என்ற அறிக்கையை ஓராண்டுக்குள் கோர்ட்டில் கொடுக்க வேண்டும். எங்கள் ஆட்கள் அந்த ஓராண்டில் இருபது தடவையாவது நீதிபதி முகத்தைப் பார்த்திருப்பார்கள்.