ஆயில் அளவு தானாக ஏறுகிறதா? தோட்டத்து இன்ஜின் கேள்வி-பதில்

இந்த முறை நீலகிரி வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே ரகம். ஆயில் ஊற்றவே இல்லை, ஆனால் ஆயில் அளவு பார்க்கும் குச்சியில் அளவு ஏறிக்கொண்டே போகிறது. ஆயில் தானாகப் பெருகாது. ஏறினால் உள்ளே வேறு ஏதோ வந்திருக்கிறது: பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் அல்லது தண்ணீர். எது, எந்த வழியாக வந்தது என்று பார்க்காமல் ஆயிலை மட்டும் மாற்றினால் அடுத்த வாரம் மறுபடியும் மாற்ற வேண்டியிருக்கும்.

கேத்தி பாலாடாவிலிருந்து: ஓடைக்கரையில் இருக்கும் பெட்ரோல் பம்ப்செட் சாயங்காலம் நன்றாக ஓடியது. காலையில் கயிறு அசையவே மாட்டேன் என்கிறது. பலமாக இழுத்து ஒருவழியாக ஸ்டார்ட் ஆனதும் பாத்தி முழுக்க வெள்ளைப் புகை. ஆயில் மூடியைத் திறந்தால் விளிம்பு வரை நிற்கிறது, பெட்ரோல் வாடை. மெக்கானிக் பிஸ்டன் ரிங் போய்விட்டது, சிலிண்டரைக் கடைந்து போரிங் செய்ய வேண்டும் என்கிறார். செய்யலாமா?

வேண்டாம். முந்தின நாள் சாயங்காலம் வரை ஒழுங்காக ஓடிய இன்ஜினுக்கு ஒரே ராத்திரியில் ரிங் தேயாது. டேங்குக்குக் கீழே உள்ள டேப் திறந்தபடி இருந்திருக்கிறது, கார்புரேட்டர் ஊசியும் சரியாக அடைக்கவில்லை. இரண்டும் சேர்ந்தால் நடப்பது இதுதான்.

இந்த வகை இன்ஜினில் டேங்க் மேலே, கார்புரேட்டர் கீழே. பெட்ரோல் தன் எடையிலேயே இறங்கும். கார்புரேட்டர் கிண்ணம் நிரம்ப நிரம்ப ஃப்ளோட் என்ற மிதவை மேலே எழும்பி, ஊசியைத் துளைக்குள் தள்ளி வழியை அடைக்கும். ஊசி முனையில் ஒரு துருத் துணுக்கு சிக்கினாலே போதும், கசியும். கிண்ணத்தில் நிரம்பி வழியும் பெட்ரோல் இன்டேக் பக்கம் போகும். இன்டேக் வால்வு திறந்த நிலையில் இன்ஜின் நின்றிருந்தால் நேராக சிலிண்டருக்குள் இறங்கும். ரிங் புத்தம் புதிதாக இருந்தாலும் அதன் வாய் இடைவெளி வழியாகச் சொட்டுச் சொட்டாக, அடியில் ஆயில் நிற்கும் ஆயில் சேம்பருக்குப் போய்விடும். சிலிண்டருக்குள் பெட்ரோல் நின்றதால்தான் கயிறு வரவில்லை. காற்று அமுங்கும், பெட்ரோல் அமுங்காது. அந்த நிலையில் பலமாக இழுப்பது ஆபத்து. செல்ஃப் ஸ்டார்ட் உள்ள இன்ஜினாக இருந்தால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடே வளைந்துவிடும்.

மலையில் இதற்கு இன்னொரு காரணமும் சேரும். இன்ஜின் சாய்ந்து நின்றால் ஃப்ளோட் சரியான உயரத்தில் அடைக்காது. கார்புரேட்டர் பக்கம் உயர்ந்திருந்தால் வழியும் பெட்ரோல் சிலிண்டருக்குள் போகும். அந்தப் பக்கம் தாழ்ந்திருந்தால் ஏர் கிளீனர் வழியாகத் தரையில் சொட்டும். தரையில் சொட்டினால் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொள்ளுங்கள், கண்ணுக்காவது தெரியும்.

இப்போது செய்ய வேண்டியது. டேப்பை மூடுங்கள். சுவிட்சை ஆஃப் செய்து, பிளக்கைக் கழற்றி, பிளக் வயரைத் துளையிலிருந்து தள்ளிக் கட்டிவிட்டு மெல்ல இழுங்கள். உள்ளே நிற்கும் பெட்ரோல் பீய்ச்சி அடிக்கும். முகம் அந்தப் பக்கம் இருக்கக் கூடாது, பக்கத்தில் பீடியோ அடுப்போ கூடாது. ஆயிலைச் சூடாக்கித்தான் வடிக்க வேண்டும் என்பது சாதாரண நாளுக்கான விதி. பெட்ரோல் கலந்த ஆயிலோடு இன்ஜினை ஓட்டிச் சூடாக்காதீர்கள், குளிராகவே வடித்துவிடுங்கள்.

அப்புறம் கார்புரேட்டர். கழற்றி, கிண்ணத்தை எடுத்து, ஊசியை வெளியே எடுங்கள். கூம்பு முனையில் கட்டைவிரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். வழுவழுவென்று ஓடாமல் சுற்றிலும் ஒரு வரி தட்டுப்பட்டால் ஊசி தேய்ந்துவிட்டது, மாற்றுங்கள். ஃப்ளோட்டைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். உள்ளே பெட்ரோல் சலசலத்தால் அது ஓட்டை. எல்லாவற்றையும் பூட்டிய பிறகு கார்புரேட்டரைத் தலைகீழாகப் பிடித்து, பெட்ரோல் வரும் குழாயில் சுத்தமான டியூப் மாட்டி ஊதுங்கள். காற்று போகக் கூடாது. நேராகத் திருப்பினால் தாராளமாகப் போக வேண்டும். இதில் தேறாத கார்புரேட்டரை இன்ஜினில் மாட்டவே வேண்டாம்.

கசிவு நின்ற பிறகு, மலிவான ஆயிலாக ஒருமுறை ஊற்றி, சுமையில்லாமல் 5 நிமிடம் ஓட்டி வடித்துவிட்டு, நல்ல ஆயில் ஊற்றுங்கள். 5, 6 குதிரைத்திறன் இன்ஜினுக்குச் சுமார் 600 மில்லிதான் பிடிக்கும். அதற்குக் கணக்குப் பார்த்தால் பின்னால் கனெக்டிங் ராடுக்குச் செலவழிக்க நேரும். இந்தச் சின்ன இன்ஜின்கள் பலவற்றில் ஆயில் பம்ப் கிடையாது. ராடின் அடியில் இருக்கும் சின்னக் கரண்டி ஆயிலை வாரி இறைக்கிறது, அவ்வளவுதான். ஆயில் தண்ணீராக நீர்த்துவிட்டால் பேரிங் பரப்பில் படலம் நிற்காது.

மஞ்சூரிலிருந்து: ஊசியைப் புதிதாக மாற்றிவிட்டேன். பத்து நாளில் மறுபடியும் ஆயிலில் பெட்ரோல் இறங்குகிறது.

ஊசி உட்காரும் இடத்தைப் பார்த்தீர்களா? பித்தளை சீட்டில் பச்சை படிந்திருந்தாலோ கீறல் இருந்தாலோ எத்தனை ஊசி மாற்றினாலும் நிற்காது. காது குடையும் பஞ்சுக் குச்சியில் மெட்டல் பாலிஷ் தொட்டு மெதுவாகச் சுழற்றி, பெட்ரோலில் கழுவிப் பாருங்கள். கீறல் ஆழமாக இருந்தால் கார்புரேட்டரையே மாற்றுவதுதான் வழி.

அதைவிட நான் சந்தேகப்படுவது டேங்கை. பத்து நாள் தாங்கிவிட்டுக் கசிந்தது என்றால், மேலிருந்து புதிதாக ஏதோ வந்து சிக்கியிருக்கிறது. டேங்க் அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். மஞ்சூர் மாதிரி மழையும் மூடுபனியும் உள்ள இடத்தில் பாதி நிரம்பிய இரும்பு டேங்க் உள்ளே வியர்த்துத் துருப்பிடிக்கும். இப்போது வரும் பெட்ரோலில் எத்தனால் வேறு 20 சதவீதம் வரை கலந்திருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். அளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் தனியாகப் பிரிந்து அடியில் தங்கும். அடியில் தங்குவதுதான் முதலில் கார்புரேட்டருக்கு வரும். கிண்ணத்தின் உட்பக்கம் வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தால் இது அதன் வேலை. பழைய இன்ஜினில் ரப்பர் பாகங்களும் இதில் ஊறிப் பருக்கலாம். டேங்கைக் கழுவுங்கள், டேப்புக்குள் இருக்கும் வலையைப் பாருங்கள், வழியில் ஒரு ஃபில்டர் போடுங்கள்.

டேங்க் மூடியின் காற்றுத் துளையையும் குத்திவிடுங்கள். அது அடைத்திருந்தால் மத்தியான வெயிலில் டேங்கில் அழுத்தம் ஏறி, நல்ல ஊசியையே தள்ளிக் கசிய வைக்கும்.

கூடலூரிலிருந்து: களை வெட்டும் பிரஷ் கட்டரிலும் இந்தப் பிரச்சினை வருமா? ஆயில் அளவை எங்கே பார்ப்பது?

பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றுகிறீர்கள் என்றால் அது டூ ஸ்ட்ரோக். தனி ஆயில் சேம்பரே கிடையாது, இந்த நோயும் கிடையாது. ஃபோர் ஸ்ட்ரோக் பிரஷ் கட்டர் என்றால் ஆயில் மூடி தனியாக இருக்கும். சிறிய மாடலில் 100 மில்லி அளவுதான் பிடிக்கும் என்பதால் கொஞ்சம் பெட்ரோல் கலந்தாலும் தாங்காது. அதில் டூ ஸ்ட்ரோக் கலவையை ஊற்றாதீர்கள்.

ஊட்டியிலிருந்து: வீட்டு ஜெனரேட்டர். டேப்பைத் தவறாமல் மூடுகிறேன். ஊசியும் நன்றாக இருக்கிறதாம். ஆனாலும் ஆயிலில் லேசாகப் பெட்ரோல் வாடை, அளவும் மெல்ல ஏறுகிறது.

இது கசிவு இல்லை, இருக்கும் உயரத்தின் கோளாறு. ஊட்டி சுமார் 2,240 மீட்டர். இங்கே காற்று மெலிந்தது. கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் சின்னத் துளைதான் ஜெட். சமவெளிக்கு என்று அளந்து வைத்த ஜெட் அதே அளவு பெட்ரோலை விடும், அதை எரிக்கும் காற்று மட்டும் குறைவு. மிச்சப் பெட்ரோல் சிலிண்டர் சுவரில் ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், முனை கரிபடிந்து வறண்ட கறுப்பாக இருக்கும். சுமார் 1,500 மீட்டருக்கு மேல் ஓட்டுவதாக இருந்தால் சிறிய ஜெட் போடச் சொல்லிப் பல கம்பெனிக் கையேடுகளிலேயே இருக்கிறது. கோயம்புத்தூரில் வாங்கி மேலே கொண்டுவரும்போது கடையில் யாரும் இதைச் சொல்வதில்லை.

சிறிய ஜெட் போட்டாலும் பலம் முழுதாகத் திரும்பாது. 300 மீட்டருக்குச் சுமார் 3.5 சதவீதம் என்று கணக்கு. ஊட்டியில் கால் பங்குக்கு மேல் போய்விடும். பம்ப், ஜெனரேட்டர் வாங்கும்போதே இதைக் கழித்துப் பார்த்து வாங்க வேண்டும். இன்னொன்று: சிறிய ஜெட் போட்ட இன்ஜினை மேட்டுப்பாளையம் பக்கம் இறக்கி ஓட்டினால் பெட்ரோல் பற்றாமல் சூடேறிக் கெடும். கீழே போனால் பழைய ஜெட்டை மாட்டுங்கள்.

உங்கள் விஷயத்தில் குளிரும் சேர்ந்திருக்கிறது. கரண்ட் போனால் சோக் இழுத்து ஸ்டார்ட் செய்வது, 5 நிமிடத்தில் கரண்ட் வந்ததும் நிறுத்துவது. ஆயில் சூடாகவே இல்லை. நன்றாகச் சூடேறினால் கலந்த பெட்ரோலில் பெரும்பகுதி ஆவியாகி, ஆயில் சேம்பரிலிருந்து காற்று இழுக்கும் பக்கம் போகும் பிரீதர் குழாய் வழியாகப் போய் எரிந்துவிடும். வாரம் ஒருமுறையாவது பாதிச் சுமை கொடுத்து அரை மணி நேரம் ஓட்டுங்கள், சோக்கை முழுதாகத் தள்ளிவிட்டீர்களா என்று பாருங்கள். எவ்வளவு குளிராக இருந்தாலும் ஜெனரேட்டரை வீட்டுக்குள், மூடிய ஷெட்டுக்குள் வைத்து ஓட்டக் கூடாது. அந்தப் புகை ஆளைக் கொல்லும்.

கோத்தகிரியிலிருந்து: ஆயில் பால் காபி நிறத்தில் இருக்கிறது. இதுவும் பெட்ரோலா?

இல்லை, தண்ணீர். பெட்ரோல் கலந்தால் ஆயில் நீர்க்கும், வாடை வரும், நிறம் வெளுக்காது. குச்சியிலிருந்து ஒரு சொட்டை செய்தித்தாளில் விட்டுப் பாருங்கள். பெட்ரோல் கலந்திருந்தால் கறுப்புப் புள்ளியைச் சுற்றி வெளிர் வளையம் சட்டென்று அகலமாகப் பரவும். தீக்குச்சி வைத்துச் சோதிக்கிறேன் என்று யாராவது சொன்னால் அவரை வெளியே அனுப்புங்கள். காற்றில் குளிரும் இன்ஜின் என்றால் மழையில் நனைந்ததோ, சூடேறாமல் சிறுசிறு ஓட்டமாக ஓட்டியதோ காரணமாக இருக்கும்.

ஆயிலை இன்னும் கெட்டியான 20டபிள்யூ-50 ஆக மாற்றினால் நீர்ப்பு குறையுமா என்று மூன்று நான்கு பேர் கேட்டிருக்கிறார்கள்.

குறையாது. காலைக் குளிரில் கயிறு இழுக்கத்தான் சிரமம். கையேட்டில் சொன்னதையே ஊற்றுங்கள், பெரும்பாலும் 10டபிள்யூ-30 ஆக இருக்கும்.

நஞ்சநாட்டிலிருந்து: பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெய்க்கு மாற்றும் பழைய பம்ப். ஆயில் சீக்கிரம் நீர்த்துவிடுகிறது.

அந்த ரகத்துக்கு இது கூடப்பிறந்தது. மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. இன்ஜின் சூடாகும் முன் மாற்றினால் பாதி எரியாமல் சுவர் வழியே ஆயிலுக்குப் போகும், போனது திரும்பியும் வராது. ஹெட் நன்றாகச் சூடாகும்வரை பெட்ரோலிலேயே ஓடட்டும். நிறுத்தும் முன்பும் பெட்ரோலுக்கு மாற்றிக் கொஞ்ச நேரம் ஓட்டுங்கள், கிண்ணத்தில் பெட்ரோல் நின்றால்தான் அடுத்த நாள் எடுக்கும். கையேடு எத்தனை மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றச் சொல்கிறதோ, அதில் பாதியிலேயே மாற்றிவிடுங்கள். மண்ணெண்ணெய் கிடைப்பதே குதிரைக்கொம்பாகிவிட்ட காலத்தில் இதற்காக இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்றால், எனக்குத் தெரிந்தவரை வேண்டாம். பெட்ரோலிலேயே ஓட்டிக்கொள்ளுங்கள்.

முத்தோரை பாலாடாவிலிருந்து: கேரட் கழுவும் மெஷினுக்கு டீசல் இன்ஜின். அதில் கார்புரேட்டர் இல்லையே, அப்படியும் ஆயில் ஏறுகிறது.

டீசலில் வழிகள் வேறு. ஒன்று, சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் நாசில் ஒழுங்காகத் தெளிக்காமல் ஒழுகுவது. அப்படி இருந்தால் கறுப்புப் புகை, தட்டும் சத்தம் என்று அடையாளம் தெரியும். இன்னொன்று, நாசிலுக்கு டீசலைத் தள்ளும் பம்பின் உள்தண்டு (பிளஞ்சர்) தேய்ந்து அதன் ஓரமாக நேரே ஆயில் சேம்பருக்குள் கசிவது. புகை சுத்தமாக இருக்கிறது, ஆயில் மட்டும் ஏறுகிறது என்றால் முதலில் பம்பைச் சந்தேகப்படுங்கள். நாசிலையும் பம்பையும் டெஸ்ட் பெஞ்ச் உள்ள கடையில் கொடுத்துப் பார்க்க வேண்டும், வீட்டில் செய்யும் வேலை இல்லை.

இதைத் தள்ளிப்போடாதீர்கள். சேம்பர் நிரம்பி வழிந்தால் டீசல் இன்ஜின் அந்தக் கலவையையே பிரீதர் வழியாக இழுத்து எரித்து, நாம் டீசலை நிறுத்தினாலும் நிற்காமல் வேகம் ஏறிக்கொண்டே போகும். அப்படி ஆனால் காற்று இழுக்கும் வாயைப் பலகையால் அடைக்க வேண்டும். கையை வைக்கக் கூடாது. முடியாவிட்டால் ஆட்களைத் தள்ளிப் போகச் சொல்லுங்கள்.

குன்னூரிலிருந்து: களை எடுக்கும் பவர் வீடரை வாடகைக்கு விடுகிறேன். பிக்கப்பில் போய்வரும் நாளெல்லாம் ஆயில் ஏறுகிறது, ஷெட்டில் நின்றால் ஏறுவதில்லை.

பதிலை நீங்களே சொல்லிவிட்டீர்கள். மலைப்பாதை வளைவுகளில் வண்டி குலுங்கும்போது ஃப்ளோட் துள்ளும், ஊசி திறந்து திறந்து மூடும். டேப்பை மூடி, கிண்ணத்தில் உள்ளதையும் வடித்துவிட்டு ஏற்றுங்கள். கயிற்றை மெல்ல இழுத்து, இறுக்கம் தட்டும் இடத்தில் நிறுத்திவிட்டால் இரண்டு வால்வும் மூடியிருக்கும். கொஞ்சம் கசிந்தாலும் சிலிண்டருக்குள் போகாது. படுக்கவைத்து ஏற்றக் கூடாது. வாடகைக்குப் போன மெஷின் திரும்பியதும், ஸ்டார்ட் செய்யும் முன் சமதளத்தில் நிறுத்தி ஆயில் குச்சியைப் பாருங்கள். சரிவில் நிறுத்திப் பார்த்தால் குச்சி பொய் சொல்லும். சில இன்ஜின்களில் குச்சியைத் திருகாமல் சும்மா நுழைத்துத்தான் அளவு பார்க்க வேண்டும், கையேட்டில் எப்படி என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எடப்பள்ளியிலிருந்து: வடித்த ஆயிலை வேலிக் கம்பத்துக்குப் பூசலாமா?

பெட்ரோல் கலந்தது தீப்பற்றும். அதைக் கம்பத்தில் பூசி வெயிலில் விடுவது, வீட்டில் மூடாமல் வைப்பது இரண்டும் வேண்டாம். ஓடையிலும் கொட்டாதீர்கள், நமக்குக் கீழே இருக்கும் ஹட்டிக்காரர்கள், அதாவது மலைக் கிராமத்து மக்கள், அதைத்தான் குடிக்கிறார்கள். மூடியுள்ள கேனில் ஊற்றி, மேலே என்னவென்று எழுதி, பழைய ஆயில் எடுத்துக்கொள்ளும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். பெட்ரோல் கலந்தது என்று சொல்லிக் கொடுங்கள், அவர்கள் மற்ற டிரம்மோடு சேர்க்காமல் இருக்கட்டும்.