வாசகர் கேள்விகள்: 1960ஆம் ஆண்டின் உலகத் திரை

உலக சினிமாவைப் புதிதாகப் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். ஏதேனும் ஓர் ஆண்டை மட்டும் எடுத்துக்கொண்டு நாடு நாடாகப் பார்ப்பதென்றால் எந்த ஆண்டைச் சொல்வீர்கள்?
– வாசகி, கும்பகோணம்

தயங்காமல் 1960ஐச் சொல்வேன். பாரிஸ், ரோம், டோக்கியோ, சியோல், கல்கத்தா என ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத நகரங்களில், அதுவரை படம் எடுத்துவந்த முறையே போதாது என்று சிலருக்கு ஏறக்குறைய ஒரே நேரத்தில் தோன்றிய ஆண்டு அது. ஆண்டுக் கணக்கு நம் வசதிக்கானதுதான். பிரான்சின் 'புதிய அலை' எனப்பட்ட இளம் இயக்குநர்களின் இயக்கம் 1959இல், அவர்களுள் ஒருவரான த்ரூஃபோ கான் திரைப்பட விழாவில் சிறந்த இயக்குநர் பரிசு பெற்றபோதே கரையைத் தொட்டுவிட்டது. ஆயினும் அலை எத்தனை கரைகளில் அடித்தது என்பது தெரிவது அடுத்த ஆண்டில்தான்.

பிரெஞ்சு இயக்குநர் கோதாரின் 'பிரெத்லெஸ்' படத்தில் காட்சிகள் திடீர் திடீரென்று வெட்டுப்பட்டுத் தாவுகின்றன. அது திட்டமிட்ட கலையா, அல்லது பணமில்லாமல் நேர்ந்ததா?
– வாசகர், திருநெல்வேலி

இரண்டும் என்பதே நேர்மையான பதில். 1960 மார்ச்சில் வெளியான அந்தப் படத்தின் முதல் தொகுப்பு மிக நீளமாக இருந்தது. முழுக் காட்சிகளை நீக்குவதே வழக்கமான வழி. கோதாரோ காட்சிகளை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஷாட்டின் உள்ளேயும் தமக்குச் சலிப்பூட்டிய பகுதிகளை வெட்டி எறிந்தார். கட்டாயத்தில் பிறந்த முடிவுதான். ஆனால் அந்தத் தாவல்களில் கதாநாயகனின் நிலைகொள்ளாத மனத்தைக் கண்டுகொண்டது கலைஞனின் கண்.

அதைவிடச் சுவையானது ஒளிப்பதிவாளர் ராவுல் கூத்தார் செய்த வேலை. விளக்குகள் இல்லாமல் இரவுத் தெருவில் எடுக்கும் அளவுக்கு வேகமான, அதாவது குறைந்த வெளிச்சத்திலும் படம் பதியும், சினிமா படச்சுருள் அன்று கிடைக்கவில்லை. புகைப்படக்காரர்கள் பயன்படுத்திய இல்ஃபோர்டு நிறுவனத்தின் சிறு சுருள்களை வாங்கி, ஒன்றோடொன்று ஒட்டி, அதன் துளைகளுக்குப் பொருந்தும் கேமராவில் மாட்டினார்கள். அந்தக் கேமரா பெருஞ்சத்தம் போடும் என்பதால் வசனத்தைப் பிறகு டப்பிங்கில் சேர்த்தார்கள். நகரும் காட்சிகளுக்குத் தண்டவாளம் போடாமல், கூத்தாரைச் சக்கர நாற்காலியில் அமர்த்தித் தள்ளிக்கொண்டு போனார்கள். இன்று கைப்பேசியில் குறும்படம் எடுப்பவர்கள் மனத்தில் கொள்ள வேண்டிய செய்தி இது: அந்தக் குழுவிடம் இருந்தவை மலிவான கருவிகள்தாம், ஆனால் அவற்றின் இயல்பை அவர்கள் துல்லியமாக அறிந்திருந்தார்கள்.

அந்த ஆண்டுக் கான் விழாவில் ஒரு பெரிய படத்தைப் பார்வையாளர்கள் கூச்சலிட்டு அவமதித்ததாகப் படித்தேன். உண்மையா?
– வாசகர், கரூர்

உண்மைதான். இத்தாலிய இயக்குநர் அந்தோனியோனியின் 'லாவென்ச்சுரா' அந்தப் படம். தீவொன்றில் ஒரு பெண் காணாமல் போகிறாள். தேடுகிறவர்கள் மெல்ல மெல்ல அவளை மறந்துபோகிறார்கள். அவளுக்கு என்ன ஆயிற்று என்று படம் கடைசிவரை சொல்வதில்லை. விடையை எதிர்பார்த்து வந்த கூட்டம் கொதித்தது. மறுநாளே ரொசெல்லினி உள்ளிட்ட திரைக்கலைஞர்களும் விமர்சகர்களும் படத்தை ஆதரித்து அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். முடிவில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசும் கிடைத்தது. முதல் பரிசு ஃபெலினியின் 'லா டோல்சே வீட்டா'வுக்குப் போனது. அதற்கும் சொந்த நாட்டில் வரவேற்பு அமைதியாக இல்லை. வத்திக்கான் நாளிதழ் அதைக் கடுமையாகக் கண்டித்தது.

இவையெல்லாம் ஐரோப்பா. ஆசியாவில் அப்போது என்ன நடந்தது?
– வாசகி, யாழ்ப்பாணம்

நல்ல கேள்வி, உலக சினிமா என்றதும் பாரிசில் தொடங்கும் பழக்கம் எனக்கும் இருக்கிறது.

ஜப்பானில் 1960இல் மட்டும் 547 படங்கள் வெளியாயின. அந்நாட்டுத் திரைத்துறை அதன்பின் நெடுங்காலம் எட்டாத உச்சம் அது. அந்தப் பெருந்தொழிலின் நடுவே, 28 வயது நகிசா ஓஷிமா ஷோச்சிக்கு நிறுவனத்துக்காக ஒரே ஆண்டில் மூன்று படங்கள் எடுத்தார். மூன்றாவதான 'ஜப்பானில் இரவும் மூடுபனியும்', அமெரிக்காவுடனான பாதுகாப்பு ஒப்பந்தத்தை எதிர்த்த இடதுசாரி மாணவர்களின் உட்பூசலைப் பற்றியது. கோதார் ஷாட்டுகளை நறுக்கித் தள்ளிய அதே ஆண்டில், ஓஷிமா ஐம்பதுக்கும் குறைவான நீண்ட ஷாட்டுகளில் முழுப் படத்தையும் முடித்தார். அக்டோபர் 12 அன்று சோஷலிஸ்ட் கட்சித் தலைவர் அசனுமா மேடையிலேயே குத்திக் கொல்லப்பட்டார். அதையடுத்து, வெளியாகிச் சில நாட்களே ஆகியிருந்த படத்தை நிறுவனம் திரையரங்குகளிலிருந்து திரும்பப் பெற்றது. சீற்றமடைந்த ஓஷிமா நிறுவனத்தைவிட்டு வெளியேறினார். அதே ஆண்டில் கனெட்டோ ஷிண்டோ, நீரில்லாத தீவொன்றுக்குத் தண்ணீர் சுமக்கும் குடும்பத்தைப் பற்றி, ஏறக்குறைய வசனமே இல்லாமல் 'நிர்வாணத் தீவு' படத்தைச் சிறு குழுவோடு எடுத்தார்.

தென் கொரியாவில் ஏப்ரல் மாத மாணவர் எழுச்சி அதிபர் சிங்மன் ரீயை வீழ்த்தியது. தணிக்கை சற்றே தளர்ந்த அந்தக் குறுகிய இடைவெளியில், கிம் கி-யங்கின் 'வேலைக்காரி' வெளியானது. புது மாடி வீடு கட்டிய இசையாசிரியரின் குடும்பத்தை, பணிக்கு வந்த பெண் குலைக்கும் கதை. அந்த வீட்டின் மாடிப்படி தானே ஒரு பாத்திரம்போல் நிற்கும். அதன் இரண்டு சுருள்கள் நெடுங்காலம் காணாமல் போயிருந்தன. 1990இல் கிடைத்த பிரதியிலோ கையால் எழுதிய ஆங்கில வசனவரிகள் படத்தின் மேலேயே இருந்தன. 2008இல் மீட்டெடுத்தபோது அவற்றைக் கணினியால் அழிக்க வேண்டியிருந்தது. 'பாரசைட்' எடுத்த போங் ஜூன்-ஹோ இந்தப் படத்துக்குத் தாம் பட்ட கடனை வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். 1961 மே மாதத்தில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அந்த இடைவெளியும் மூடிக்கொண்டது.

ஹாலிவுட் மட்டும் பழைய பாதையிலேயே போனதா?
– வாசகர், மதுரை

இல்லை. தொலைக்காட்சி அதன் பார்வையாளர்களைப் பறித்துக்கொண்டிருந்தது. திரைப்படங்களைத் தொலைக்காட்சியில் மறுபடி காட்டும்போது தமக்கும் பங்கு வேண்டுமென்று எழுத்தாளர்களும் நடிகர்களும் ஒரே காலத்தில் வேலைநிறுத்தம் செய்தார்கள்; இரு சங்கங்களும் அப்படிச் சேர்ந்து நின்றது மறுபடி 2023இல்தான். ஹிட்ச்காக்கோ தொலைக்காட்சியிடமிருந்தே கடன் வாங்கினார்: தமது தொடரில் வேலை செய்த குழுவை வைத்து, கறுப்பு வெள்ளையில், சுமார் எட்டு லட்சம் டாலரில் 'சைக்கோ'வை முடித்தார். கம்யூனிஸ்ட் என்று ஒதுக்கப்பட்டுப் பல ஆண்டுகள் மாற்றுப் பெயர்களில் எழுதிய திரைக்கதையாசிரியர் டால்டன் ட்ரம்போவின் சொந்தப் பெயர் 'ஸ்பார்ட்டகஸ்', 'எக்ஸோடஸ்' படங்களில் வந்ததும் இதே ஆண்டு. எனக்கு 'சைக்கோ'வைவிடப் பெரிய செய்தி இதுதான்.

இந்தியாவுக்கு அந்த ஆண்டில் இடமுண்டா?
– வாசகர், கோயம்புத்தூர்

நிச்சயமாக உண்டு. பல ஆண்டு உழைப்புக்குப்பின் 'முகல்-ஏ-ஆஸம்' ஆகஸ்டில் வெளியானது. அதற்குச் சில மாதம் முன்பே, பிரிவினையில் வேரிழந்த குடும்பத்தைத் தாங்கித் தேய்ந்துபோகும் பெண்ணின் கதையாக ரித்விக் கட்டக்கின் 'மேகே டாக்கா தாரா' கல்கத்தாவில் வந்திருந்தது. அவளுடைய துயரத்தின் உச்சத்தில் சாட்டையடி ஒலி கேட்கும். காட்சியில் சாட்டை எதுவும் இராது. திரைக்கு வெளியேயும் இரண்டு முக்கிய நிகழ்வுகள்: படத்துறைக்குக் கடன் தரும் திரைப்பட நிதிக் கழகமும், பழைய பிரபாத் ஸ்டுடியோ வளாகத்தில் புனே திரைப்படக் கல்லூரியும் 1960இல் தொடங்கின. மட்டக்களப்பில் பிறந்த பாலு மகேந்திரா பின்னாளில் ஒளிப்பதிவு கற்றது அங்கேதான்.

ஆப்பிரிக்காவைப் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே?
– வாசகி, சேலம்

1960இல் ஆப்பிரிக்காவில் 17 நாடுகள் விடுதலை பெற்றன. ஆனால் பிரெஞ்சுக் காலனிகளில் உள்ளூர் மக்கள் அரசின் அனுமதியின்றிப் படமெடுக்கவே முடியாதபடி 1934 முதல் ஓர் ஆணை இருந்தது. பயிற்சியும் கருவியும் இல்லாமல் விடுதலையன்று மட்டும் படம் முளைத்துவிடாது. செனகலின் நாவலாசிரியர் உஸ்மான் செம்பேன், எழுத்தறியாத தம் மக்களை எட்ட சினிமாவே வழி என்று முடிவுசெய்து, நாற்பது வயதை ஒட்டிய பருவத்தில் மாஸ்கோவுக்குப் போய்ப் பயின்றார். டாக்கர் நகரத்து வண்டிக்காரன் ஒருவனின் ஒரு நாளைச் சொல்லும் அவருடைய இருபது நிமிடக் குறும்படம் 1963இல் வந்தது.