கரிமேட்டின் அடியில் மலிவு வீடு: கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: கணவருக்கு பெல்ஜியத்தில், ஷார்லெருவா விமான நிலையத்துக்குப் பக்கத்தில் வேலை. மார்சினெல்லில் பழைய சுரங்கத் தொழிலாளர் வீடு ஒன்று 1 லட்சம் யூரோவுக்கு வருகிறது. பின்னால் பெரிய கரிமேடு, அதாவது சுரங்கக் கழிவைக் கொட்டிக் குவித்த மேடு. "மண் சான்றிதழ் சுத்தம், இன்னொருவர் காத்திருக்கிறார், இது சும்மா ஆஃபர் காகிதம்தான்" என்று தரகர் அவசரப்படுத்துகிறார். போடலாமா?

பதில்: போடாதீர்கள். வீடு மோசம் என்று நான் சொல்லவில்லை. அந்தக் காகிதம் 'சும்மா' இல்லை, அவ்வளவுதான். நம்மூரில் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு மனம் மாறினால் அட்வான்ஸோடு போகும். பெல்ஜியத்தில் இன்ன வீடு, இன்ன விலை என்று நீங்கள் எழுதிக் கையெழுத்துப் போட்டு, விற்பவர் சம்மதித்துவிட்டால் விற்பனை முடிந்த மாதிரிதான். அடுத்து வரும் 'கொம்ப்ரோமி' என்ற விற்பனை ஒப்பந்தத்தில் பின்வாங்குபவருக்கு வழக்கமாக 10 சதவீதம் அபராதம் போட்டிருப்பார்கள். உங்கள் வீட்டுக்கு அது 10,000 யூரோ. "வங்கிக் கடன் கிடைத்தால் மட்டுமே வாங்குவேன்" என்ற வரி ஆஃபரிலேயே இருக்க வேண்டும். வாயால் சொன்னது கணக்கில்லை.

தரகருக்குக் கமிஷன் கொடுப்பவர் விற்பவர். அவர் யாருக்காகப் பேசுவார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அவரிடம் ஐ.பி.ஐ. (தரகர்களைப் பதிவு செய்யும் அமைப்பு) பதிவு எண் கேளுங்கள். அது இல்லாமல் தரகுத் தொழிலே செய்யக்கூடாது. 'நம்ம ஆள்தான்' என்று வந்து கையில் ரொக்கமாகக் கமிஷன் கேட்பவர்களைப் பலமுறை பார்த்துவிட்டேன். அப்புறம், "எங்கள் நோட்டரியே பார்த்துக்கொள்வார், இரண்டு பேர் வைத்தால் இரட்டைச் செலவு" என்பார்கள். பொய். இரண்டு நோட்டரி இருந்தாலும் ஒரே கட்டணத்தைத்தான் பங்கிட்டுக்கொள்வார்கள். கோர்ட் வாசலில் முத்திரை குத்துகிறவர் இல்லை இந்த நோட்டரி. வில்லங்கம் பார்ப்பது, பத்திரம் எழுதுவது, வரி கட்டுவது எல்லாம் அவர் பொறுப்பு. முன்பணத்தையும் அவர் கணக்கிலேயே போடுங்கள்.

சரி, மண்ணுக்கு வருவோம். 2019 முதல் வலோனியாவில் (மார்சினெல் இருக்கும் தெற்கு பெல்ஜியப் பகுதி) நிலம் கைமாறும்போது மண் பதிவேட்டு நகல் கட்டாயம். தரகர் காட்டுவது அதைத்தான். அது மண் மாசு பற்றி அரசிடம் பதிவாகியிருப்பதை மட்டும் சொல்லும். அடியில் சுரங்கக்குழி உண்டா என்பதைச் சொல்லாது. மார்சினெல், 1956 ஆகஸ்ட் 8 அன்று சுரங்கத் தீயில் 262 பேர் இறந்த ஊர். வலோனியாவின் கடைசி நிலக்கரிச் சுரங்கம் மூடியதே 1984-இல்தான். குழிகளின் விவரம் வலோனிய அரசின் சுரங்கப் பிரிவில் தனியாக இருக்கிறது. ஒரே அரசு, இரண்டு அலமாரி. ஒன்றில் இருப்பதை மற்றதில் எழுதி வைத்தால் என்ன குறைந்துவிடும்? உங்கள் நோட்டரியிடம் "குழி பற்றியும் எழுதிக் கேளுங்கள்" என்று நீங்களே சொல்ல வேண்டியிருக்கிறது.

வீட்டுக்குள் ஒரு கோலிக்குண்டைத் தரையில் விட்டுப் பாருங்கள். பின்சுவர் பக்கம் தானாக உருண்டால் பயந்துவிடாதீர்கள். சுரங்கம் மூடிப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டதால் தாழ வேண்டிய நிலம் பெரும்பாலும் தாழ்ந்து முடிந்திருக்கும். செங்கல் சுவரில் படிக்கட்டு போல ஏறும் விரிசல் புதிதாக, விளிம்பு கூர்மையாக இருந்தால்தான் பொறியாளரைக் கூப்பிட வேண்டும்.

எந்த அலுவலகம் போவது என்று குழம்ப வேண்டாம். 1977 இணைப்புக்குப் பிறகு மார்சினெல் தனி நகராட்சி இல்லை; கட்டட அனுமதி விவரமெல்லாம் ஷார்லெருவா நகராட்சியில். ஷார்லெருவா இருக்கும் எனோ மாகாணத்தின் தலைநகர் மோன்ஸ், ஆனால் நீங்கள் அங்கே ஓட வேண்டியதில்லை. சொத்து வரியில் ஒரு பங்கை வாங்கிக்கொள்வதோடு மாகாணத்தின் வேலை முடிந்தது.

பத்திரப் பதிவு வரி, 2025 ஜனவரியிலிருந்து குடியிருக்க வாங்கும் ஒரே வீட்டுக்கு 12.5 சதவீதத்திலிருந்து 3 ஆகிவிட்டது. உங்களுக்கு 12,500 யூரோவுக்குப் பதில் 3,000. இங்கே ஒரு முள். வேறொரு வீடு முழுசாக உங்கள் கையில் இருக்கக்கூடாது, வெளிநாட்டு வீடும் சேர்த்தி. ஊரில் கணவர் பெயரில் ஒரு ஃபிளாட் இருந்தால் அதுவும் கணக்கு. கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருந்தாலும் சேர்ந்து முழுசு, ஆகவே கணக்குதான். அண்ணன் தம்பிகளோடு பிரிக்காத பூர்வீக வீட்டில் ஒரு பங்கு மட்டும் என்றால் தடையில்லை. "யாருக்குத் தெரியப்போகிறது" என்று தரகர் சொல்லுவார். பத்திரத்தில் உறுதிமொழி கொடுத்துக் கையெழுத்துப் போடுவது நீங்கள்.

கரிமேடுகளில் சில இன்னும் உள்ளே கனன்றுகொண்டிருப்பவை. உங்களுடையது எப்படி என்று அறிய, பனி பெய்த மறுநாள் காலை போய்ப் பாருங்கள். ஊரெல்லாம் வெள்ளையாக இருக்க, மேட்டில் மட்டும் கறுப்புத் திட்டு தெரிந்தால் குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.